தினமும் ஜூலை பதினான்கு

வியாகுலம்மாளுக்குக் காது கேட்காது என்று காசிமேட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உங்களைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவள். ஐஸ் பொடிக்கிற மெஷின் ஒரு பக்கம் அலறும், லாஞ்சுகளின் டீசல் இரைச்சல் இன்னொரு பக்கம், வழி விடச் சொல்லி மீன்பாடி வண்டிக்காரர்கள் போடும் கூச்சல் வேறு. இத்தனைக்கும் நடுவில் நாற்பது பேர் விலை கேட்பார்கள். எந்த விலை யார் வாயிலிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அவளுக்கா காது கேட்காது?

கேட்காது. உண்மை அதுதான். சின்ன வயதில் டிபிக்குப் போட்ட ஊசி உயிரைக் கொடுத்துவிட்டுக் காதை எடுத்துக்கொண்டது. விலையைப் பிரித்துச் சொன்னதெல்லாம் இடது காதில் மாட்டியிருந்த காது மெஷின். அந்த மெஷினுக்கு அந்தப் புத்தியைக் கொடுத்தவள் கல்மண்டபத்தில் மாடியறையில் காது பரிசோதனை நிலையம் வைத்திருக்கும் ஃபாத்திமா. முதல் பத்து வருஷம் வியாகுலம்மாள் விட்டது நாலு பேர் நேரே நின்று கேட்கிற சின்ன ஏலம், வாயசைவைப் பார்த்தே ஓட்டிவிட்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மெஷினை விற்றோமா வேலை முடிந்ததா என்று இருக்காமல், மூன்று நாள் காலையில் ஏலத்துக்கே வந்து நின்றாள் அந்தப் பெண். இரைச்சலையெல்லாம் பதிவு செய்துகொண்டு போய், அறையில் ஓடவிட்டு, டீசலையும் ஐஸையும் அடக்கி மனிதக் குரலை மட்டும் தூக்கி ஓர் அளவு வைத்துக் கொடுத்தாள். அந்த அளவுக்குக் கம்ப்யூட்டரில் 'ஏலம்' என்றே பெயர்.

இந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அந்த மெஷின் கழன்று ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. கடைசி ஏலத்தை வியாகுலம்மாள் வெறுங்காதோடு, வாயசைவைப் பார்த்தே விட்டாள். முன்னால் நின்றவர்களைச் சமாளித்துவிட்டாள். இடது பக்கம் பின்னால் நின்ற தௌசீஃப், வெளிநாட்டுக்கு மீன் அனுப்புகிற கம்பெனியின் ஆள், அதிகமாகக் கேட்டது அவளுக்கு எட்டவில்லை. குறைந்த விலைக்காரனுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லி முடித்துவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், மாற்ற முடியாது. தௌசீஃப் சத்தம் போட்டான். அந்த மீன் லாஞ்சு உரிமையாளன் ஃப்ரெடிக்குச் சொந்தம். அவனுடைய மூன்று லாஞ்சுகளுக்கும் அவள்தான் ஏலக்காரி.

ஃப்ரெடி கெட்டவன் இல்லை. அவளை ஐஸ் ஷெட் பின்னால் கூட்டிப்போய், முகத்துக்கு நேராக நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"யக்கா, உன் மேல தப்பு சொல்லல. ஆனா தடை முடிஞ்சி மொத லாஞ்சு வர்ற அன்னிக்கி உனக்குக் காது கேக்கணும். இல்லாங்காட்டி நான் வேற ஆளத்தான் வெச்சாகணும். மனசுல வெச்சிக்காத."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறெங்கே வைப்பது? அறுபத்தோரு நாள் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஏலத்தில் அவள் நிற்கிற இடம் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நாலடி சிமெண்ட் தரை. ஒரு நாள் வேறு ஆள் அங்கே நின்றுவிட்டால் அப்புறம் அது அவர்கள் இடம்.

மெஷின் ரிப்பேராகி வந்தது. உள்ளே ஒரு பாகத்தையே மாற்றியிருந்தார்கள். அதனால் பழைய அளவெல்லாம் அழிந்துபோய் வெறுமையாக வந்தது. மாட்டினால் காக்கா கத்துவதும் பஸ் போவதும் பக்கத்து வீட்டுக் குக்கரும் எல்லாம் ஒரே உரப்பாகக் கேட்டன. அமைதியான அறையில் முகம் பார்த்துப் பேசினால் புரியும், அவ்வளவுதான். 'ஏலம்' ஃபாத்திமாவின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து காது மெஷினுக்கு அதை ஏற்றுகிற சின்னப் பெட்டி, மே மாதம் அடித்த இடியில் கருகிப்போயிருந்தது. ஃபாத்திமா அலைந்து ஒரு புதுப் பெட்டி வாங்கினாள். பழைய கம்ப்யூட்டர் அந்தப் புதுப் பெட்டியை யாரென்று கேட்டது.

அது விண்டோஸ் செவன். அதற்கு அப்டேட் வருவது நின்று வருஷக்கணக்காகிவிட்டது. வேறு கம்ப்யூட்டருக்கு மாறலாமென்றால், அளவு வைக்கிற சாஃப்ட்வேர் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும், அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. புதுப் பெட்டியை ஏற்கவேண்டுமானால், நிற்பதற்கு முன்னால் வந்த இரண்டு அப்டேட்களை அதில் போட்டாக வேண்டும்.

அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமை காலடிப்பேட்டையிலிருந்து சாலமன் வந்தான். மணலியில் டேங்கர் லாரி எடை போடும் மேடைகளில் இருக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவன்தான் வைத்தியன். நாற்பது வயசு, மூக்கின் நுனியில் கோபம், கையில் சுத்தம். ஃப்ரெடியின் லாஞ்சுகள் ஞாயிற்றுக்கிழமையே கடலுக்குப் போயிருந்தன. சனிக்கிழமை காலை கரைக்கு வரும். வியாகுலம்மாள் மூன்று நாளும் காலை பத்து மணிக்கெல்லாம் அந்த மாடியறைக்கு வந்து, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் இருந்தால் மட்டும் என்ன கிழிக்கப் போகிறாள்?

செவ்வாய்க்கிழமை சாலமன் கம்ப்யூட்டரைத் திறந்து தூசியைத் தட்டினான். உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரி செத்திருக்கும் என்று புதிது போட்டான். அன்றைய தேதியை அவன் கையாலேயே வைத்தான். அப்டேட்டைத் தொடங்கப் போகும்போது கரண்ட் போயிற்று. கல்மண்டபத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யார் சொல்வது? நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டான்.

புதன்கிழமை அப்டேட் ஓடியது. பச்சைக் கோடு பாதி தூரம் போகும், நிற்கும், யோசிக்கும், அப்புறம் நீளமாக ஓர் எண்ணைக் காட்டி முடியாது என்று சொல்லிவிடும். சாலமன் வரிசையை மாற்றிப் போட்டான். சின்ன அப்டேட் முதலில், பெரியது அப்புறம். முடியாது. பெரியது முதலில். முடியாது. அந்தக் கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாது, எல்லாம் பென்டிரைவில் வந்தாக வேண்டும். ராத்திரி வீட்டில் புதிதாக டவுன்லோடு செய்து வியாழக்கிழமை கொண்டுவந்தான். அதே எண், அதே முடியாது.

"ஃபைல்ல போட்டுக்கீற முத்திரை செல்லாதுன்னு சொல்து," என்றான் சாலமன். "எட்டு எடத்துலருந்து எட்துட்டேன். எட்டுமா செல்லாது? மெஷினுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சி."

அவன் ஒவ்வொரு தடவை உச்சுக் கொட்டும்போதும் வியாகுலம்மாள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். அவளுக்குச் சத்தம் எட்டவில்லை, முகம் எட்டியது. ஃபாத்திமா அவளுக்கு டீ வாங்கித் தந்தாள். டீயில் ஆடை படிந்ததே தவிர குடிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சாலமன் பைக்குள் ஸ்க்ரூடிரைவரை வைத்தான். அந்த ஒன்றைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவன் எழுந்து வந்து, அவள் முன்னால் குந்தி, முகத்துக்கு நேராகச் சொன்னான்.

"யக்கா, தப்பா நெனச்சிக்காத. இது தேறாது. புது காது மெஷின் வாங்கிக்க."

புது மெஷின் ஒன்று முகாமில் இலவசமாகக் கொடுத்தார்கள், அவள் போட்டுப் பார்க்காமல் இல்லை. ஏலத்தில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் விலை கேட்கிறவனும் மேலே சுற்றுகிற பருந்தும் ஒன்றுதான். மடியிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். ஞானஸ்நானச் சீட்டு, ரேஷன் கார்டு நகல், அவற்றோடு ஃபாத்திமா ஒவ்வொரு தடவை அளவு பார்த்ததும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த சீட்டுகள். ஒன்றைக்கூட அவள் எறிந்ததில்லை.

"நைனா, இதுல நம்பரெல்லாம் கீது பாரு. இத்த பாத்து கையால வெக்க முடியாதா? நீ ஒர்தபா பாரேன்."

கையால் வைக்க முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். ஒரு சீட்டைப் பார்த்தான், அடுத்ததைப் பார்த்தான்.

"இது எப்ப எடுத்தது?"

"கொரோனா முடிஞ்சி மார்க்கெட் தொறந்தப்போ."

"இது?"

"போன கிறிஸ்மஸுக்கு."

"இது?"

"இன்னிக்கிக் காலைலதான் டாக்டரம்மா பழைய அளவு காட்றேன்னு எட்துக் குட்தாங்க."

மூன்றிலும் மேலே ஒரே தேதி. 14 ஜூலை 2016. வியாகுலம்மாள் அதை எப்போதோ கவனித்திருக்கிறாள். மெஷின் செய்த நாளாக இருக்கும், மருந்து பாட்டிலில் போடுவார்களே அந்த மாதிரி, என்று விட்டுவிட்டாள்.

சாலமன் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தான். திரையின் மூலையில் கடிகாரம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. முதல் நாளே பார்த்தான், பழைய மெஷினில் எதையாவது மறைத்து வைத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டான். இப்போது தேதியைத் திறந்தான். 2016, ஜூலை 14.

"அக்கா," என்றான், ஃபாத்திமாவிடம், மிக மெதுவாக. "செவ்வாக்கெழமை என் கையால தேதி வெச்சிட்டுப் போனேன். யாரு மாத்துனது?"

ஃபாத்திமா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். அப்புறம் ஃபேனை நிறுத்தினாள், வியாகுலம்மாளுக்கும் கேட்கட்டும் என்று. வந்து இரண்டு பேருக்கும் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் மாத்துனேன். தினமும் மாத்துறேன். காலையில ஒம்பது மணிக்கு வந்து மெஷினைப் போட்டதும் அதான் மொத வேலை. இந்த சாஃப்ட்வேர் லைசன்ஸ் ஜூலை பதினாலோட முடிஞ்சிருச்சு. புதுப்பிக்கலாம்னு எழுதி எழுதிப் பார்த்தேன். கம்பெனியையே மூடிட்டுப் போயிட்டாங்க, பணம் வாங்கக்கூட ஆளில்ல. அதான் பதினாலுல கொண்டாந்து நிறுத்திருவேன். விட்டா மறுநாள் ஆயிரும், தொறக்காது. கடிகாரத்தைப் பாத்துட்டு ஒருத்தர் இன்னாம்மா இதுன்னு கேட்டாரு, அதனால மறைச்சு வெச்சேன்."

"எத்தினி வருஷமா?"

"ஒம்பது."

"என்கிட்ட சொல்லலாம்ல?"

"அதுக்கும் அப்டேட்டுக்கும் சம்பந்தம் இருக்கும்னு தோணல. அதுவுமில்லாம வெக்கமா இருந்துச்சு, சாலமன். ஏமாத்து வேலை மாதிரிதானே இருக்கு."

சாலமன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். கத்தப் போகிறான் என்று வியாகுலம்மாள் நினைத்தாள். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறான் பாவி.

"நான் முன்னாடி தள்ளிட்டுப் போறேன், நீ காலைல வந்து பின்னாடி இஸ்துட்ற. நல்லா கீதுக்கா ஆட்டம். அந்த அப்டேட்டு முத்திரை ரெண்டாயிரத்திப் பத்தொம்பதுல போட்டது. மெஷினுக்கு இன்னும் பதினாறுதான். பொறக்காத புள்ள வந்து கதவத் தட்டுனா அது இன்னா பண்ணும்? செல்லாதுன்னுதான் சொல்லும். அது மேல இன்னா தப்பு?"

வியாகுலம்மாள் சிரிக்கவில்லை. ஃபாத்திமா பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பழைய மெஷினு எத்தினி பேருக்கு கீது டாக்டரம்மா?"

"மொதல்ல நெறையப் பேரு. வசதியானவங்க புதுசு மாத்திக்கிட்டாங்க. இப்போ உங்களோட சேத்துப் பதினோரு பேரு."

"எங்கள மாத்திக்கச் சொல்லிருந்தா உனுக்குத்தான லாபம்?"

"உங்களுக்குப் பழகுன காதாச்சே," என்றாள் ஃபாத்திமா, ஏதோ சாதாரண சங்கதி மாதிரி.

ஒன்பது வருஷம். ஞாயிறு போக ஒவ்வொரு நாள் காலையும். பதினோரு பேருக்காக இவள் தனியாக வந்து உட்கார்ந்து வருஷத்தைப் பின்னால் இழுத்து வைத்திருக்கிறாள், அதையும் ஒரு தப்பு மாதிரி மறைத்துக்கொண்டு. வியாகுலம்மாள் இத்தனை வருஷமும் வந்து, அளவு பார்த்து, சீட்டை மடித்துக்கொண்டு, வெயிலைத் திட்டியபடி படி இறங்கிப் போயிருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. மறைக்கவெல்லாம் இல்லை, முந்தானையை எடுத்துத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

"அழுவாதக்கா, இன்னும் வேல முடில," என்றான் சாலமன். நெஞ்சைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு அன்றைய தேதியை வைத்தான்.

பச்சைக் கோடு பாதி தூரம் போனது. நின்றது. யோசித்தது. அப்புறம் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது அப்டேட்டும் போனது. அணைத்துப் போட்டான். புதுப் பெட்டியைச் சொருகினான். கம்ப்யூட்டர் அதை என்றைக்கோ தெரிந்த ஆள் மாதிரி ஏற்றுக்கொண்டது.

இப்போது சாஃப்ட்வேர் திறக்கவேண்டும். இன்றைய தேதியில் அது திறக்காது. பழைய தேதிக்குப் போனால் புதுப் பெட்டி மறுபடி முறைத்துக்கொள்ளுமோ என்று சாலமனுக்கே தெரியவில்லை. அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"அக்கா, இது உன் வேல. நீயே வெய்யி."

ஃபாத்திமா உட்கார்ந்தாள். பிஸ்மில்லா என்று அவள் உதடு அசைவதை வியாகுலம்மாள் பார்த்தாள். ஜூலை பதினான்கு. சாஃப்ட்வேர் திறந்தது. பெட்டியில் விளக்கு எரிந்துகொண்டேயிருந்தது. ஒரு தடவை ஏற்றுக்கொண்ட பிறகு அது தேதி பார்க்கவில்லை.

ஃபாத்திமா 'ஏலம்' அளவை ஏற்றினாள். வியாகுலம்மாளின் காதில் மூன்று தடவை டிங் என்றது. நிறுத்தின ஃபேனை ஃபாத்திமா மறுபடி போட்டாள். அந்தக் கடகட சத்தம் எழுந்து, உடனே தள்ளிப் போய் மூலையில் நின்றுகொண்டது. தெருவில் போன லாரியும் அப்படியே. எல்லாம் விலகின இடத்தில், முதுகுக்குப் பின்னால் இருந்து, சாலமன் தனக்குத்தானே முணுமுணுப்பது தெளிவாக வந்தது.

"மூணு நாளு. மூணு நாளா மெஷினத் திட்னேனே, பாவம் அது."

"மெய்தான் நைனா, அதுகிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுக்க," என்றாள் வியாகுலம்மாள், திரும்பாமலே.

சாலமன் போகிறதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் எழுதிக் கம்ப்யூட்டர் மேல் ஒட்டினான்: புதுசா எது போட்டாலும் இன்றைய தேதி. வேலை பார்க்கப் பழைய தேதி. மறைக்காதே. கடைசி வார்த்தையின் கீழே இரண்டு கோடு.

சனிக்கிழமை காலை ஃப்ரெடியின் முதல் லாஞ்சு வந்தது. அறுபத்தோரு நாள் காய்ந்து கிடந்த ஊர் மொத்தமும் துறைமுகத்தில் நின்றது. சங்கராவும் வஞ்சிரமும் கடம்பாவும் கூடை கூடையாக இறங்கின. வியாகுலம்மாள் அவளுடைய நாலடி சிமெண்ட் தரையில் போய் நின்றாள். ஃப்ரெடி கொஞ்ச தூரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் கூடையை மாதா பேரைச் சொல்லித் தொடங்கினாள். விலை ஏறியது. முன்னால் இருந்து வந்தது, வலதிலிருந்து வந்தது. இடது பின்பக்கத்தில் தௌசீஃப் தொண்டையைச் செருமியதே அவளுக்குக் கேட்டது. அவன் விலை சொல்லி முடிக்கும் முன்னால் விரலால் அவனைக் காட்டிவிட்டாள். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஃப்ரெடி கட்டின கையை அவிழ்த்துவிட்டு ஐஸ் வண்டியைக் கவனிக்கப் போனான்.

ஐந்தாவது கூடை சங்கரா. நல்ல சிவப்பு, கண் தெளிந்த மீன். விலை ஏறி ஓரிடத்தில் நின்றது. "ஒண்ணு," என்றாள். "ரெண்டு."

"இன்னும் நூறு."

குரல் சின்னது. இடது பக்கம், எல்லாருக்கும் பின்னால், ஐஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து, அறைக்குள் பேசுகிற மாதிரியே வந்தது. பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டிருக்காது. அளவு சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்த மாதிரியே வந்து நின்றிருக்கிறாள். வியாகுலம்மாள் திரும்பவில்லை.

"மூணு. கல்மண்டபத்து டாக்டரம்மாவுக்கு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஃபாத்திமா இரண்டு கையையும் ஆட்டினாள்.

"வியாகுலக்கா, நான் சும்மா கேக்குதான்னு பார்க்கத்தான்..."

"ஏலத்துல கேட்டா வாங்கித்தான் ஆவணும் டாக்டரம்மா. இங்க சட்டம் அது."

"ஒரு கூடை மீனை நான் என்ன பண்ணுவேன்?"

"நீ ஒண்ணியும் பண்ண வாணாம். என் கமிஷன்ல கழிச்சிக்கிறேன்." குரலைத் தணித்தாள். அவளுக்குத்தான் இப்போது எந்தக் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியுமே. "பதினோரு பேருன்ன. பத்து வூட்டு அட்ரஸ எழுதிக் குடு, நானே கொண்டும்போய்க் குடுக்கறேன். ஒவ்வொர்த்தர்கிட்டயும் நீ காலைல வந்து இன்னா பண்றன்னு சொல்லிட்டுத்தான் மீனக் குடுப்பேன். பதினோராவது பங்கு உன் வூட்டுக்கு."

"அப்போ உங்களுக்கு?"

"எனக்குத்தான் அல்லாம் கேக்குதே," என்று சொல்லிவிட்டு ஆறாவது கூடைக்குத் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை ஏலம் முடியும் நேரம். கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வியாகுலம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் மணி கேட்டாள். ஒன்பது என்றாள். கையை உதறித் துடைத்துக்கொண்டு, கல்மண்டபம் இருக்கிற திசையைப் பார்த்து ஒரு நிமிஷம் சும்மா நின்றாள். அப்புறம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னாக்கா, இந்நேரத்துல ஜெபம்?"

"ஒண்ணுல்ல. எங்க டாக்டரம்மா இப்பத்தான் வருஷத்தப் பின்னாடி இஸ்துகினு கீது," என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினாள்.